ரேடியோப் பெட்டிக்குள் ஒரு குடில்

1974ஆம் வருடம், மார்கழி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது, தேவராஜன் தன் மனைவி பாஞ்சாலியை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வல்லக்கோட்டைக்கு அழைத்து வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருப் பெண்கள் அவள் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். கையில் ஒன்றும் இல்லை. யாரும் எதுவும் கேட்காமல் வழிவிட்டார்கள்.

அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் வீட்டிலேயே நடந்தன, இரண்டும் தங்கவில்லை. இந்த முறையாவது என்று காஞ்சிபுரம் போகிற வழியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்கே பாஞ்சாலிக்கு ஜன்னி கண்டு, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் திறந்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை.

"தங்கல பாஞ்சாலி" என்று தேவராஜன்தான் சொன்னான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊட்டினால் விழுங்கினாள், இல்லாவிட்டால் பட்டினி கிடந்தாள். டாக்டர் வந்து பேசிப் பார்த்தார். நர்ஸ் ஞானசுந்தரி கட்டிலில் உட்கார்ந்து தலைவாரிவிட்டாள். எதற்கும் அசையவில்லை.

ஒரே ஒரு நாள் அசைந்தாள். கிறிஸ்துமஸ் வருகிறதென்று வார்டு மூலையில் ஒரு மேஜைமேல் குடில் கட்டியிருந்தார்கள். வைக்கோல், மாடு, கழுதை, மாதா, அவள் கணவர் தாடிக்காரச் சூசையப்பர், மூன்று ராஜாக்கள், மேலே ஒரு நட்சத்திரம், நடுவில் தொட்டிலில் ஒரு குழந்தை. கட்டிலுக்கு வெளியே காலை வைத்து இறங்கிய பாஞ்சாலி, மேஜையருகே போய், சாய்ந்து கிடந்த ஓர் ஆட்டுக்குட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்ற தேவராஜன் அதைப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் பார்த்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பதினைந்து நாளும் அவன் ஓடினான்.

வீட்டுக்கு வந்தும் பாஞ்சாலி சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த அவன் அக்கா கிளியம்மாள் இரண்டு வேளையும் சோறு ஆக்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"எத்தினி நாளு இப்டியே வெச்சிக்கினு இருப்ப? நீ வேலைக்குப் போயிட்டா, இவ கெணத்துல குதிச்சா யாருக்குத் தெரியும்? அவ அண்ணனுக்கு சொல்லி அனுப்பிட்டேன்."

சேரப்பணஞ்சேரியில் இருந்த பாஞ்சாலியின் அண்ணன் நரசிம்மன் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். அடுத்த நாள் சாயங்காலமே வந்து தங்கையைப் பார்த்தான். வெளியே வந்து தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மாப்ள, கீழ்ப்பாக்கத்துல காட்டிடலாம். வேற வழி கீற மாதிரி எனக்குத் தெரியல. இருபத்தஞ்சாம் தேதி எனக்கு லீவு. வந்து கூட்டிக்கினு போறேன்."

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. போனவர்கள் திரும்பி வந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. தேவராஜன் சரியென்று தலையை ஆட்டினான். அவனுக்குக் கிடைத்தது பத்து நாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ரோட்டோரம் ஒரு காயலான் கடையில் அவனுக்கு வேலை. பழைய சாமான்களை உடைத்து, இரும்பு வேறு பித்தளை வேறாகப் பிரித்து எடை போட வேண்டும். பல்லாவரம் பக்கம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் வந்து இறங்கும். அன்று வரை அவற்றை அவன் எடையாக மட்டுமே பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டி, மண்டியிட்டுத் துழாவினான்.

உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பழைய ரேடியோப் பெட்டி கிடைத்தது. வழவழவென்ற மரம், முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. துணியைப் பிய்த்தெறிந்ததும் வாய் திறந்த ஒரு சின்ன வீடு மாதிரி ஆனது. நீலக் கவுன் போட்ட பொம்பளை உருவத்தில் ஒரு பீங்கான் உப்புக் குடுவை இருந்தது. தலையில் மூன்று ஓட்டை. அதுதான் மாதா. சதுரங்கக் காய்களில் ஒரு குதிரை. காதுக்கு இரண்டு தகரத் துண்டை நீட்டி ஒட்டினால் கழுதை. ஊன்றுகோலின் கைப்பிடியில் தாடிக்காரத் தலை ஒன்று செதுக்கியிருந்தது. அதை அறுத்தெடுத்துச் சூசையப்பராக நிறுத்தினான். மூன்று சென்ட் பாட்டில்கள், மூடி கிரீடம் மாதிரி இருந்தவை, மூன்று ராஜாக்கள். நின்றுபோன கடிகாரத்தின் பெண்டுலத் தட்டைப் புளிபோட்டுத் தேய்த்து நட்சத்திரமாக வெட்டினான்.

"இன்னாத்துக்குடா இதெல்லாம்?" என்றார் கடைக்கார நடேசன்.

"வூட்டுல வேணும்."

நடேசனுக்கு விஷயம் தெரியும். மறுபடி கேட்கவில்லை.

தேவராஜனுக்குக் கைவேலை வராது. மைதாப் பசை காய்ச்சி ஒட்டியதெல்லாம் காலையில் கழன்று கிடந்தது. சூசையப்பர் நாலு தடவை விழுந்தார். பாஞ்சாலி படுத்திருந்த பாய்க்கு எதிரே பெட்டியை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்காருவான். ஒட்டிக்கொண்டே அவளிடம் பேசுவான். இது கழுதை, காது சரியா கீதா பாரு என்பான். பதில் வராது. மார்கழியில் முருகன் கோயில் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கிற வீட்டில் இதைக் கட்டிக்கொண்டிருந்ததைத் தெரு முழுக்கப் பேசினார்கள். "கிறிஸ்து வேதத்துல சேந்துட்டியா?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். எந்தச் சாமி என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

ஆறாம் நாள் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பாஞ்சாலி அவன் பரப்பிய வைக்கோலை அள்ளி, கையால் கசக்கி மெத்தென்று ஆக்கி, மறுபடி போட்டாள். தேவராஜன் கையை இழுத்துக்கொண்டு இடம் விட்டான். அவள் மாதாவை எடுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். பிறகு பாய்க்குப் போய்விட்டாள்.

குழந்தைதான் கிடைக்காமல் இருந்தது. மறுநாள் ஒரு தகரடப்பாவில் பித்தான்களுக்கு நடுவே அகப்பட்டது: கட்டைவிரல் நீளப் பீங்கான் பொம்மை, ஒரு கை உடைந்தது. ஓட்டமாக வந்து அதை வைக்கோல்மேல் வைத்தான். பாஞ்சாலி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்து பார்த்தபோது வைக்கோல்மேல் பொம்மை இல்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று பெட்டிக்கடியில் தேடினான். நிமிர்ந்தபோது பாஞ்சாலி முந்தானையை விலக்கியிருந்தாள். பொம்மை அவள் மார்பில் இருந்தது. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

தேவராஜன் வாசலுக்கு வந்து முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம்போல் இருந்த பைத்தியத்தைத் தன் கையாலேயே முழுசாக்கிவிட்டோம் என்று தோன்றியது. பிடுங்கவும் துணியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான், யாரும் உள்ளே போய்ப் பார்த்துவிடக்கூடாதென்று. இருபத்துநான்காம் தேதி லாரி வருகிறது, வராவிட்டால் ஆகாது என்று நடேசன் ஆள் அனுப்பினார். போனான்.

நாலு மணிக்குத் திரும்பியபோது ரேடியோப் பெட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. கிளியம்மாள் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பொம்மைக்குப் பால் குடுக்கறாடா. என் கண்ணால பாத்தேன். புடுங்கினு போயி ஏரியில போட்டேன். அவ நல்லதுக்குத்தான்டா பண்ணேன்."

"அவ எங்கக்கா?"

"எம் பின்னாலயே வந்தா. வூட்டுக்குத் திரும்பியிருப்பானு நெனச்சேன். இங்கயும் காணோம்."

தேவராஜன் ஏரிக்கு ஓடினான். அந்த வருட மழையில் ஏரி கரை தொட்டு நின்றது. கரையேறிப் பார்த்தபோது தண்ணீருக்கு மேல் பாஞ்சாலியின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. சாகப் போகிறாள் என்றுதான் நினைத்தான். குதித்து, சேற்றில் விழுந்து எழுந்து, கிட்டே போனான். அவள் காலால் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் போட்டாங்க" என்றாள்.

இருபது நாளுக்குப் பிறகு அவள் பேசியது அது. குரல் கரகரத்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவளை இழுத்துக்கொண்டு கரையேறுவதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. அவனும் மூழ்கி மூழ்கித் தேடினான். கையில் சேறும் கிளிஞ்சலும்தான் வந்தன. குளிரில் அவள் பற்கள் கிட்டிக்கொண்டன. கடைசியில் அவள் தோளைப் பிடித்தான்.

"பாஞ்சாலி, அது பொம்மை."

"தெரியும்யா." அவள் அவனைப் பார்த்தாள். "பொம்மைனு எனக்குத் தெரியாதா? நம்ம கொழந்தய எங்க வெச்சேன்னு சொல்லலியே நீ. யாருமே சொல்லலியே. பெத்தேன், மொகத்தக் கூடப் பாக்கல. எங்க கீது அது?"

குழந்தை இறந்த அன்றைக்கே ஞானசுந்தரி தேவராஜனிடம் கேட்டிருந்தாள், அம்மா கண் திறக்கிற வரைக்கும் குழந்தையை வைத்திருக்கட்டுமா, ஒரு தடவை காட்டலாமே என்று. வேண்டாம், தாங்க மாட்டாள் என்று சொன்னவன் அவன்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஒருவன் குழி வெட்ட, துண்டில் சுற்றி அவனே இறக்கிவிட்டு வந்தான். அதைப் பற்றிப் பேசாமலிருந்தால் அவள் மறந்துவிடுவாள் என்று நம்பியிருந்தான். மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

"யாரு மாதிரி இருந்திச்சி?"

"நான் பாக்கல பாஞ்சாலி. மூடித்தான் குடுத்தாங்க. தெறந்து பாக்கத் தைரியம் இல்ல எனக்கு."

அவள் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நரசிம்மன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, பாஞ்சாலி தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். "கீழ்ப்பாக்கம் அப்பால போலாம்ணா. மொதல்ல எங்கூட வா" என்றாள். தங்கை பேசியதைக் கேட்டு நரசிம்மன் தேவராஜனைத் திரும்பிப் பார்த்தான். மூவரும் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த நிலத்தில் மழை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தட்டையாக்கியிருந்தது. தேவராஜன் வேலியோரம் நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். அங்கிருந்த வேப்பமரத்திலிருந்து எத்தனை அடி என்று அன்றைக்கு அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. புல் முளைத்த சின்ன மேடுகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"இதுல எது?" என்றாள் பாஞ்சாலி.

"தெரியல."

நரசிம்மன் அவனை அடிக்கப் போனான். பாஞ்சாலி இரண்டு மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டின்மேலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டாள். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் டியூட்டியில் இருந்த ஞானசுந்தரி ஜன்னல் வழியாகப் பார்த்து இறங்கி வந்தாள். எது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் பாஞ்சாலி பக்கத்தில் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"நான்தாம்மா குளிப்பாட்டினேன். தலை நிறைய முடி. நெத்தி உன்னோடது மாதிரி அகலம். இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம். ரெண்டு தடவை கொட்டாவி விட்டுது."

"கண்ணு?"

"தெறந்து பாத்துது. என்னைத்தான் பாத்துது."

அப்போதுதான் பாஞ்சாலி அழுதாள். தானும் தேவராஜனும் பார்க்காத முகத்தைப் பார்த்திருந்த அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஜன்னல்களெல்லாம் திறந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதாள். நரசிம்மன் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். கீழ்ப்பாக்கம் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. கிளியம்மாளோடு பாஞ்சாலி நான்கு வருடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு கிளியம்மாள் காய்ச்சலில் விழுந்தபோது போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அப்போதும் பேசாமலே. தேவராஜனை அவள் மன்னித்தாளா என்று அவனுக்குத் தெரியாது. கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அவளும் நடேசன் கடைக்குச் சாமான் பிரிக்கப் போனாள். கார்த்திகை கழிந்தால் அவள் கை தானாக ஒதுக்க ஆரம்பிக்கும்: மூக்குக் கண்ணாடிச் சில்லு, பித்தளைத் தாழ்ப்பாள், தலை போன பொம்மை. சோப்பு டப்பா அளவில், கூஜா மூடி அளவில் சின்னச் சின்னக் குடில்களாக வீட்டில் உட்கார்ந்து செய்வாள். செய்ததை ஞானசுந்தரியிடம் கொடுத்தால், பிள்ளை பறிகொடுத்த பெண்கள் படுத்திருக்கிற கட்டில்களுக்குப் பக்கத்தில் அவள் வைப்பாள். 1986 வரை இது நடந்தது. அந்த வருடம் ஞானசுந்தரி மாற்றலாகிப் போனாள்.

இடையிடையே பாஞ்சாலி பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிற நாட்களும் வந்தன. சில சமயம் ஒரு வாரம், ஒரு முறை ஒரு மாதம். அந்த நாட்களில் தேவராஜன் கடையிலிருந்து ஒரு கோணிச் சாமானைக் கொண்டுவந்து அவள் பாய்க்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுவான். சோறு வேகிறவரை காதைத் தீட்டிக்கொண்டிருப்பான், ஏதாவது ஒன்றை அவள் எடுத்துப் பார்க்கிற சத்தம் கேட்கிறதா என்று. சில நாள் கேட்டது. பல நாள் சோறு வெந்து, வடித்து, ஆறியும் போனது.