பன்னிரண்டு துண்டுப் பந்தும் மாம்பலம் மைதானமும்

மாம்பலத்துப் பழைய கால்பந்து மைதானத்தைப் பிரிக்கிறார்கள் என்று மயிலாப்பூரிலிருந்து என் மைத்துனர் கார்டு போட்டிருந்தார். மரக் காலரியைக் கழற்றிப் பலகை பலகையாக விற்கிறார்களாம். பழைய ஆட்டங்களின் ஞாபகார்த்தப் பொருள்களும் விற்பனைக்கு உண்டாம். மே மாதக் கடைசி வரைதான் கேட் திறந்திருக்கும், அப்புறம் அந்த இடம் வீட்டு மனைகளாகிவிடும். "உனக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் வந்து பார்த்துக்கொள்" என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். எனக்கு வேண்டியது ஒன்று அங்கே பன்னிரண்டு வருஷமாக இருந்தது. ஆகவே சென்ற வாரம், இந்த முப்பத்தாறாம் வருஷத்து அக்கினி நட்சத்திர வெயிலில், மாயவரத்திலிருந்து புறப்பட்டேன்.

நான் மாயவரத்தில் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். கோபக்காரன் என்று பையன்கள் சொல்வார்கள், தப்பில்லை. இந்தக் கட்டுரையில் கோபம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு வேண்டிய வழி, நேரம், செலவு எல்லாம் சரியாகவே தந்திருக்கிறேன்.

மாயவரத்திலிருந்து எழும்பூருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய். காலை 6.10க்கு எழும்பூர் வரவேண்டிய வண்டி 7.05க்கு வந்தது. காரணம் கேட்டால் ஸ்டேஷனில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எழும்பூரிலேயே மின்சார ரயில் ஏறினால் மாம்பலத்துக்கு ஒரு அணா, கால் மணி நேரம்கூட ஆகாது. இந்த மின்சார ரயிலைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து மைதானம் கிழக்கே ஒரு மைல், நடந்தே போகலாம். ரிக்‌ஷாக்காரர் நான்கு அணா கேட்டார், வெளியூர் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

நான் மயிலாப்பூரில் இருந்த காலத்தில் இந்தத் தியாகராய நகர் கிடையாது, ஏரிதான் இருந்தது. மைதானம் அந்த ஏரிக்கரையை ஒட்டி. காசு கொடுத்தவர்கள் காலரியில் உட்காருவார்கள், காசில்லாதவர்கள் கரைமேல் குந்திக்கொள்வார்கள். கரையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் ஆட்டம் நன்றாகத் தெரியும். இப்போது ஏரியைத் தூர்த்து, நேர் நேராகச் சாலை போட்டு, பங்களா கட்டி, ஒவ்வொரு பங்களா வாசலிலும் இடுப்புயரத்துக்கு ஒரு மரம் நட்டிருக்கிறார்கள். கரை இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கார் ஷெட். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. குடியிருப்பவர்கள்மேல் கோபித்து என்ன செய்ய, நடந்தேன்.

காலரி பாதிதான் நின்றது. ஏழு படிகளில் மேல் மூன்றைக் கழற்றிவிட்டார்கள். கீழே பிரம்பு நாற்காலிகள் போடும் சிமெண்டுத் தளம் அப்படியே இருந்தது, அது துரைகளுக்கும் ஜட்ஜுகளுக்கும். மைதானம் முழுக்கச் சரளைக்கல். அதில் வெறுங்காலோடு ஆடினோம் என்று சொன்னால் என் பள்ளிப் பையன்கள் நம்புவதில்லை. இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைக் கீறி உப்புத் தொட்டுக் கொடுப்பார்கள். உதட்டுப் புண்ணில் பட்டால் உயிர் போகும், ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கிச் சப்புவோம். அந்த நாளெல்லாம் நினைத்தால் இப்போதும் கால் துறுதுறுக்கிறது.

இந்த மைதானத்துக்கென்றே ஒரு வழக்கம் இருந்தது, வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இங்கே பந்து தைத்தவர் தாவூத் பாய், மீர்சாகிப்பேட்டைக்காரர். அவர் பந்துக்குத் தோல் துண்டு பன்னிரண்டு. வருஷக் கடைசி ஆட்டம் முடிந்ததும் நடு மைதானத்தில் உட்கார்ந்து, தான் தைத்த பந்தைத் தானே பிரிப்பார். ஜெயித்த பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு. பன்னிரண்டாவது தைத்தவருக்கு. தைத்தவர் பங்கில் கைவைத்தால் அடுத்த வருஷப் பந்து முதல் உதையிலேயே வெடிக்கும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் அதை யாரும் தொடமாட்டார்கள். கோப்பை கிளப்பின் அலமாரிக்குப் போய்விடும். ஆட்டக்காரன் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தத் துண்டு ஒன்றைத்தான்.

இருபத்துநாலாம் வருஷம் நாங்கள் ஜெயித்தோம். நான் கேப்டன். ஒரே ஒரு கோல், அதைப் போட்டவன் இடது ஓரத்தில் ஆடிய ஏழுமலை. ஏரிக்கரைக் குடிசைக்காரன், கூலி வேலை. அந்த வருஷம் தலைமை வகிக்க வந்த துரை, பாய் பந்தைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கையை நீட்டினார். கிளப் காரியதரிசி என் காதில் வந்து, "யாராவது ஒருத்தனுடையதைக் கொடுத்துவிடு" என்றார். நான் ஏழுமலையினுடையதைக் கொடுத்தேன். அவனிடம், நாளைக்கு வேறு தைத்துத் தரச் சொல்கிறேன் என்றேன். ஏன் ஏழுமலை? மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவன் வரமாட்டான். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. எனக்கு மாயவரத்தில் வேலை கிடைத்தது, போய்விட்டேன்.

பன்னிரண்டு வருஷமும் அந்தக் காரியதரிசியைத் திட்டாத நாள் குறைவு. துரை தன் துண்டைக் கிளப்புக்கே கொடுத்துவிட்டார், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அதை என்ன விலையானாலும் வாங்கி ஏழுமலை கையில் கொடுக்க வேண்டும். நான் வந்தது அதற்குத்தான், பலகை வாங்க அல்ல.

காலரிக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் மேஜை போட்டு விற்கிறார்கள். பலகை ஒன்று ஒரு ரூபாய். மூலைக்கொடி எட்டணா. நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தோல் துண்டு. கீழே எங்கள் ஆட்டத்தின் வருஷமும் துரையின் பெயரும் அழகான எழுத்தில் இருந்தன. ஐந்து ரூபாய். உடனே பணத்தை எடுத்தேன். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். அதே வருஷம், அதே துரை, இன்னொரு சட்டம். அதற்குப் பின்னால் மூன்றாவது. ஒரே துரைக்கு மூன்று துண்டு!

என் துண்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஒத்துப் பார்ப்பதற்காகவே கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். தாவூத் பாயின் ஊசித் துளைகள் சாய்வாக, நெருக்கமாக இருக்கும். முதுகுப் பக்கத்தில் கத்தியால் கீறிய எண்ணும் இருக்கும், என்னுடையதில் ஒரு கீறல். சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொன்னேன். மூன்றிலும் கீறல் இல்லை, துளைகள் விரற்கடைக்கு ஒன்று. மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க், நம் மயிலாப்பூர் ஆசாமிதான், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஞாபகார்த்தம்தானே சார். வாங்கிண்டு போறவா யாரும் தையலை எண்ணிப் பார்க்கறதில்லை" என்றார். நான் போட்ட சத்தத்தில் பலகை கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் கேட்டுப் பின்னாலிருந்து வந்தவர் தாவூத் பாய். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கையில் கத்தியும் ஒரு கிழிந்த பந்தும். அந்தத் துண்டுகளை வெட்டிக் கொடுப்பவரே அவர்தான். எனக்கு ஆறவில்லை, நீங்களுமா பாய் என்று கேட்டுவிட்டேன். தினம் பன்னிரண்டு அணா கூலி, இந்த வயசில் வேறு யார் கொடுக்கிறார்கள் என்றார். சரி, நிஜமான துண்டு எங்கே என்று கேட்டேன்.

"தொர அத்த அன்னிக்கே நாற்காலி மேல உட்டுட்டுப் போய்ட்டாரு நைனா. பாத்துக்கினுதான் இருந்தேன். நான் போய் எடுக்கறதுக்குள்ள பெருக்கித் தள்ளிட்டாங்க."

கோல் போட்டவனிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது, அந்தச் சாயங்காலமே குப்பையோடு போயிருக்கிறது. கிளார்க்கை நாலு வார்த்தை கேட்டேன், அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பாய்தான் என்னை வேப்ப மரத்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஏழுமலை இப்போது ஈக்காட்டுத்தாங்கல் ஆற்றோரத்துச் செங்கல் சூளையில் இருக்கிறான், ஏரியைத் தூர்த்தபோது அந்தக் குடிசைகளையெல்லாம் கிளப்பிவிட்டார்கள் என்று சொன்னார். மைதானத்தில் நான் இருந்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஜட்கா எட்டணா சொன்னார்கள், ஆறணாவுக்குப் படிந்தது. சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும், மொத்தம் மூன்று மைலுக்குக் குறையாது. பாலத்துக்கு அப்புறம் ரோடு என்று ஒன்று கிடையாது. வழியெல்லாம் கிளப்பைத் திட்டிக்கொண்டே போனேன். வண்டிக்காரர் எல்லாவற்றுக்கும் "ஆமா சாமி" போட்டுவிட்டு, கடைசியில், குதிரை மிரளுது, கொஞ்சம் மெள்ளப் பேசுங்க என்றார்.

ஏழுமலை சுடாத பச்சைக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். முட்டி ஒன்று மடங்கவில்லை, காலை நீட்டி வைத்துத்தான் குனிகிறான். என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டான். "இன்னா கேப்டன், இந்த வெயில்ல இவ்ளோ தூரம்?" என்று சிரித்தான். அவன் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று சட்டம், துளை, கீறல், கிளார்க் சொன்னது, துரை நாற்காலியில் விட்டுப் போனது, நான் போட்ட சண்டை. அவனுக்காக எவ்வளவு கத்தினேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். கையில் ஒட்டிய களிமண்ணை உரித்துக்கொண்டே கேட்டான்.

"அது போவட்டும் கேப்டன். உங்குளுது கீதா?"

இருக்கிறது என்றேன். பத்திரமாக இருக்கிறது.

"அன்னிக்கு அத்தக் குடுத்துருக்கலாமே தொரைக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. எட்டாவது வரிசையில் ஒரு கல் கோணலாக இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. யாராவது ஒருத்தனுடையதை என்று காரியதரிசி சொன்னபோது அந்த ஒருத்தன் நானாகவும் இருக்கலாம் என்று எனக்குப் படவே இல்லை. துரையைத் திட்டினேன், காரியதரிசியைத் திட்டினேன், காலையில் ரயிலைக்கூடத் திட்டினேன். எடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

பையைத் திறந்து என் துண்டை எடுத்து நீட்டினேன். நம் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. "உங்களுக்கே இருக்கட்டும்" என்பார்கள், நாம் வற்புறுத்துவோம், இரண்டாம் தடவை வாங்குவார்கள், நாம் வற்புறுத்தாவிட்டால் பொருள் நம்மிடமே திரும்பிவிடும். ஏழுமலை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வாங்கினான். திருப்பி முதுகுப் பக்கத்துக் கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். மனைவியைக் கூப்பிட்டு, "உள்ள வெய்" என்று கொடுத்தான். அப்புறம் கல் அடுக்கப் போய்விட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: மைதானத்துக் கேட் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. வெயில் ஏறுமுன் போங்கள், அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. பலகை வாங்கலாம், அது நிஜமான பலகை. தோல் துண்டு எதையும் வாங்காதீர்கள். மாம்பலத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆறணாவுக்கு மேல் கொடுக்காதீர்கள், வண்டியைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. நான் சைதாப்பேட்டை வரை நடந்தேன்.

நடந்த அவ்வளவு தூரமும் எனக்கு ஏழுமலைமேல் கோபம். ஒரு நன்றி சொல்லவில்லை, ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலத்துக்கு வந்த பிறகுதான் என் கோபம் எதற்கென்று எனக்கே விளங்கியது. அவன் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், நான் மறுபேச்சில்லாமல் அதைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கொடுத்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதியிருப்பேன்.