வாய் நிறைய ரொட்டியோடு சொன்ன சொல்

1. ஒரு காலை அப்பா "போறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வவுணதீவு வயலுக்குப் புறப்பட்டார். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "போய்த்து வாறன்" என்றுதான் சொல்வோம்.
2. வழியில் லொறி மோதி இறந்துபோனார்.
3. அதன்பின் வீட்டிலிருந்து யார் புறப்பட்டாலும் "போய்த்து வாறன்" சொல்ல வைத்தேன். குரல் பிசகியதாகத் தோன்றினால் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, மறுபடி புறப்பட வேண்டும்.
4. இதனால் தங்கை நேர்முகப் பரீட்சைக்கான பஸ்ஸைத் தவறவிட்டாள்.
5. "எனக்குக் கொழும்பில வேலை கிடைக்கட்டும். பிறகு இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டன்" என்றாள்.
6. நான் கிளினிக்கிற்குப் போனேன்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒரு சொல்லுக்கும் லொறிக்கும் தொடர்பில்லை என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடத்தது. இது ஓசிடி, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் என்றார் புளியந்தீவு டொக்டர். மாத்திரை தந்தார். அப்பா புறப்பட்ட அந்தக் காலையிலேயே என் மனம் சிக்கியிருந்ததால் இன்னொரு சிகிச்சையும் செய்தார்: அதை நினைத்தபடி, இடமும் வலமுமாக அசையும் அவரது விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும்.

"பஸ் வைப்பர் மாதிரி இருக்கு, டொக்டர்."

"சிரிக்கலாம். கண்ண மட்டும் எடுக்காதங்க."

முதலில் அந்தச் சொல் மட்டுமே கேட்டது. பல தடவை போனபின் ஒருநாள் அப்பாவின் முகமும் வந்தது. ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாய் நிறைய ரொட்டி. முழுதாகச் சொல்ல வாயில் இடமில்லை. அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அழுதுகொண்டே சிரித்தேன். வெளியே வந்தபோது பசித்தது.

தங்கைக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. புறப்படும்போது கேற்றடியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அக்கா, போறன்!"

"வாய மூடு புள்ள!" அம்மா பதறினார்.

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தன், அம்மா."

என் கை கேற்றை இறுகப் பிடித்திருந்தது. நெஞ்சுப் படபடப்பு ஒருமுறை ஏறி, தானாகவே இறங்கியது.

"பஸ் போயிரும். ஓடு" என்றேன்.

இப்போதும் மாத்திரை எடுக்கிறேன். சில நாட்களில் யாரையாவது திருப்பிக் கூப்பிடத் தோன்றும். கூப்பிடுவதில்லை. பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். திரும்பிப் போகும்போது என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை.