நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

எண்பதுகளின் நடுவில், ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுநனான என்னிடம் முரசுமோட்டையிலிருந்து அவள் சைக்கிளில் வந்தாள். கணவன் ஜெர்மனியில் வேறொருத்தியோடு குடியிருந்தான். விவாகரத்து கிடைத்துவிட்டது, விண்ணப்பம் எழுதியவன் நான். ஜெயபுரத்தில் வயல் செய்யும் கமக்காரன் ஒருவன் அவளை மணக்கக் காத்திருந்தான்.

எங்கள் புரட்டஸ்தாந்துப் போதகருக்கு அந்தத் தீர்ப்பே போதும். அவளோ கத்தோலிக்கம். முதல் கல்யாணமே செல்லாது என்று ஆயரின் நீதிமன்றம் சொல்லாவிட்டால், அவளுடைய கோயில் சுவாமி மறுமணத்தை அறிவித்துப் பூசையில் ஓலை வாசிக்க மாட்டார்.

“எங்கட கோயிலுக்கு வாவன், பிள்ளை.”

“அங்க மாதா இல்லையே, ஐயா. அப்பா அடிச்சுத்தானே என்னைக் கட்டி வைச்சவர். நீங்களும் கண்டனீங்கள். அதை எழுதுங்கோ.”

கண்டேன்தான். கல்யாணத்தன்று முக்காட்டுக்குள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. ஆனால் கையெழுத்து அழகென்று ஊரார் எல்லாக் கல்யாணத்துக்கும் என்னையே சாட்சிக்கு அழைப்பார்கள். இருவரும் மனமொத்து மணந்தார்கள் என்று அன்றும் அழகாகத்தான் கையெழுத்திட்டேன்.

இப்போது, அன்று அவளுக்குச் சம்மதமில்லை என்று ஆயரின் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பினேன். பதில் ஒரு வரியில் வந்தது: உமது எந்தக் கையெழுத்தை நம்புவது?

வேலையில் இருந்த காலத்தில், கையெழுத்திட்டவன் பிறகு மாற்றிப் பேசினால் எடுபடாதென்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“என்ன எழுதியிருக்கினம், ஐயா?”

கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசிப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தேன்.