காற்று தானாக ஏறாது

ஞாயிறுதோறும் என்னோடு மலையில் சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவர். பேர் வேண்டாம். இன்று காலை குண்டூர் நாட்டுச் சரிவில் இறங்கும் முன் வண்டியை என்னிடம் தள்ளினார்.

“தம்பி, முன்னாடி ஃபோர்க் கைய ஒதைக்குதுங்க. ரீபவுண்ட கொஞ்சம் பாருங்க.”

ரீபவுண்ட் என்றால் அமுங்கியது திரும்ப எழும்பும் வேகம். ஃபோர்க்கின் அடியிலுள்ள சிவப்புத் திருகைத் திருகி, ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தேன். அமுங்கிய ஃபோர்க் ஒழுங்காகத்தான் எழும்பியது.

அவரை ஏறி உட்காரச் சொன்னேன். உட்காருகிறவர் எடைக்கு ஏற்ப ஃபோர்க் குழாயில் நகர வேண்டிய ரப்பர் வளையம் அசையவே இல்லை.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் ஃபோர்க் அது; மழைக்காலத்தில் அவர் எடைக்குப் பார்த்து நானே காற்றடித்தது. காற்று தானாக இறங்குமே தவிர ஏறாது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள்.

“என்னாச்சுங்கண்ணா?”

“சேலத்துல டெஸ்ட் எடுத்தாச்சுங்க. ஊட்டுல டயட்டுன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க.”

காற்றைக் குறைத்தேன். ரீபவுண்டை வேகமாக்கினேன்.

“இப்ப மெத்துன்னு இருக்குதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேன்,” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.

வாரா வாரம் எடை குறைகிற ஆளுக்கு எவ்வளவு காற்று வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டயட் நல்லதுதான் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.