பூனைக்கு மயக்கம், எனக்குப் படபடப்பு

மயக்க மருந்து கொடுப்பது ஒரு விசித்திரமான தொழில். எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால், ஆபரேஷன் அறையில் நாம் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதே தொழிலில் பாடு படுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சர்ஜன் காயத்தைப் பார்ப்பார், பூனையைக் கொண்டுவந்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார், நாம் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே நம் மூச்சை விட மறந்து நிற்போம். அதிலும் ரத்தம் நிறையப் போன பூனை என்றால் கேட்கவே வேண்டாம். நாலு கிலோ பூனையின் உடம்பில் மொத்தமே ஒரு பெரிய டம்ளர் ரத்தம்தான்.

நான் இருப்பது அரூரில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில். ஆபரேஷன் செய்பவர் டாக்டர் அன்வர். மூன்றாவது ஆள் மாதம்மாக்கா. உதவியாளர் என்று சம்பளம் வாங்குகிறார்; உண்மையில் எங்கள் இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பவர் அவர்தான்.

போர் மோட்டார்

மொரப்பூர்ப் பக்கம் தக்காளி போடுகிற விவசாயி ஒருவர், தக்காளிக் கூடையிலேயே பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிராக்டர் இன்ஜினுக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறது. வண்டியை எடுத்ததும் ஃபேன் பெல்ட் தொடையைக் கிழித்துவிட்டது. கட்டியிருந்த துண்டு முழுக்க ரத்தம். "சாதுவாப் படுத்திருக்குதுங்க மேடம். சட்டுனு ஊசியப் போட்டுத் தெச்சுடுங்க" என்றார்.

அந்தச் சாதுவைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். ஆஸ்பத்திரிக்கு வருகிற பூனைக்குப் பயத்தில் இதயம் நிமிஷத்துக்கு இருநூறு அடிக்கும். இதற்கு நூற்றுப்பத்து. காது சில்லென்று இருந்தது, ஈறு வெளுத்துப் போயிருந்தது. இந்த நிலையில் மயக்க மருந்து ஏறினால் ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். மிச்சமிருக்கிற ரத்தமும் அங்கங்கே தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வர எதுவும் இருக்காது. அவரிடம் அதைச் சொன்னேன். காயத்தை இறுக்கிக் கட்டி, சூடு கொடுத்து, சலைன் ஏற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். துடிப்பு நூற்று எழுபதைத் தொட்டதும் எனக்குக் கை பரபரத்தது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், அன்வர் தைத்தார், மூன்றாம் நாள் பூனை நொண்டிக்கொண்டே நடந்தது. கூட்டிப்போக வந்தவரிடம், அன்றைக்கு எப்படி அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"போர் கெணத்துல தண்ணி இல்லாம மோட்டாரப் போட்டா காயில் கருகிப்போயிடுங்க. நீங்க மொதல்ல தண்ணிய வுட்டீங்க. சரி, தெரிஞ்சவங்கதான்னு உக்காந்துக்கினேன்."

முழு ஊசி

எனக்கு அந்தப் பொறுமை சும்மா வரவில்லை. வேலைக்கு வந்த முதல் வருஷம், இதே மாதிரி ரத்தம் போன ஒரு பூனைக்கு, எடையை வைத்துக் கணக்குப் போட்டு முழு அளவு மருந்தையும் ஒரே தடவையில் ஏற்றிவிட்டேன். எடை என்னவோ சரிதான். உள்ளே ஓடிய ரத்தம்தான் பாதி. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், வேறு ஊசி போட்டுப் பார்த்தேன், வரவில்லை. வெளியே காத்திருந்தவர் தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மா. என் தப்பு இன்னது என்று மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. பூனையை முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"வலிக்காமத்தானுங்களே போச்சு?"

மாதம்மாக்காவின் காது

ஏரியூரிலிருந்து ஒரு டீச்சர் கொண்டுவந்த பூனைக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மாடியிலிருந்து விழுந்ததில் மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே காத்திருக்க நேரமில்லை. ஒரு பக்கம் சலைன் ஓட, இன்னொரு பக்கம் சிறிய அளவு மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போட்டேன். போட்டதும் மூச்சு நின்றுவிட்டது. மயக்க மருந்துக்கு அது வழக்கம்தான் என்று புத்திக்குத் தெரியும். பயம் கேட்குமா? ஆக்சிஜன் பையைக் கையில் பிடித்து அமுக்க ஆரம்பித்தேன்.

மாதம்மாக்கா பூனையின் பாதத்தில் நாடிக் கருவியை வைத்துப் பிடித்திருந்தார். ரத்தம் ஓடுகிற ஒவ்வொரு முறையும் அது 'உஸ்... உஸ்...' என்று சத்தம் போடும். "மேடம், நீங்க அமுக்குறப்பல்லாம் சத்தம் நின்னு போவுதுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நுரையீரல் உப்பும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்தை மறிக்கும். நல்ல பூனை தாங்கிக்கொள்ளும்; இதில் திரும்பி வருவதே சொட்டுச் சொட்டாகத்தான். காற்றைக் கொடுத்தே கொல்லப் பார்த்திருக்கிறேன். லேசாக ஓர் அமுக்கு, நல்ல இடைவெளி, மறுபடி லேசாக ஓர் அமுக்கு. உஸ்... உஸ்... சத்தம் அறுபடாமல் வந்தது. அன்வர் ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டினார். இருபது நிமிஷம் கழித்துப் பூனை தானாக ஒரு மூச்சு இழுத்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அன்வர் என் கையைப் பாராட்டினார். மாதம்மாக்கா கருவியைத் துடைத்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"பயத்துல மாட்டுக்கு ஊதறாப்பல ஊதிக்கினு இருந்தீங்க மேடம். அது பூனைங்க."

தொண்ணூற்றெட்டு

சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற ஒருவரின் பூனையை நாய் குதறிவிட்டது. எல்லா முன்னேற்பாடும் செய்து, மயக்க வாயுவைக் குறைவாக வைத்து, நாக்கில் கிளிப்பை மாட்டினேன். திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. வெளியே நின்ற கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரி, பெருமையாக அன்வரிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "நம்பரு இருக்கட்டும், நாக்கப் பாருங்க" என்றார். தேங்காய்ப் பத்தை மாதிரி இருந்தது.

அந்தக் கிளிப், இருக்கிற ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லும். ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. வாயுவை இன்னும் குறைத்தேன். அன்வர் காயத்தில் பஞ்சை அடைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே ஓடி, வேறு பூனையின் ரத்தம் உடனே வேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னேன். ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் கொஞ்ச நேரம் முன்னால்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். விஷயத்தை விளக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"ஓடற பஸ்செல்லாம் ஃபுல்லுதான், ஆனா ஓடறதே ரெண்டு பஸ்சுன்றீங்க. புரியுதுங்க, யாருக்குப் போன் போடட்டும்?"

சொந்தக்காரர்கள்

அவர் போன் போட்டது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தானிய மண்டி வைத்திருக்கிற கமர் பாய்க்கு. பாயிடம் ஆறு கிலோவில் ஒரு கடுவன் பூனை இருந்தது. கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் கூடையோடு வந்து இறங்கினார். இரண்டு பூனைகளின் ரத்தத்தையும் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்தோம். திரிந்து கட்டி கட்டியாகப் போனால் எல்லாம் முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். திரியவில்லை.

சும்மா கழுத்தை நீட்டி ரத்தம் கொடுக்க எந்தப் பூனையும் சம்மதிக்காது. கடுவனுக்கும் லேசாக மயக்கம் கொடுத்தேன். குண்டாக, சூடாக, இதயம் தடதடவென்று அடிக்கிற பூனைக்கு மருந்து கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அது நமக்குத்தான் தெரியும். நாற்பது மில்லி எடுத்து மெதுவாக ஏற்றினோம். கண்டக்டரும் பாயும் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் நாக்கின் ஓரத்தில் ஒரு ரோஜா நிறம், அப்புறம் நடுவில். நாடிச் சத்தம் பலத்தது. மாதம்மாக்கா கதவைத் திறந்து கட்டைவிரலைக் காட்டினார். சாயங்காலம் இரண்டு பூனைகளும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் விழித்து, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. பாய் குனிந்து தன் கடுவனிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"டேய், அவங்கிட்ட இனிமே சண்ட கிண்ட வச்சுக்காத. ரத்த சொந்தமாயிட்டான்."

மொத்தத்தில், இத்தனை வருஷத்தில் நான் எழுப்பிவிட்ட எந்தப் பூனையும் எனக்கு நன்றி சொன்னதில்லை. பெரும்பாலானவை கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துச் சீறத்தான் செய்தன, அதைக் கேட்கத்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.