அஷ்தராக் வீட்டில் துகள் எண்ணிய பெட்டி

அரகாத்ஸ் மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கோடைக்கு மட்டும் சமைத்துப் போட வந்தவள் ஷோகாகாத். கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை. அவளுடைய ஹரீசா கஞ்சிக்கு அங்கே எல்லாரும் அடிமையாகிவிட்டார்கள். ஆகவே குளிர்காலமும் அங்கேயே கழிந்தது.

வானத்திலிருந்து பொழியும் நுண்துகள்களை எண்ணுவதுதான் அந்தக் கூடத்தின் வேலை. பிறந்த கணமே அழிந்துபோகும் துகள்கள் அவை. அவற்றை மலைமேல் எண்ணியாயிற்று. அடிவாரத்திலும் எண்ண வேண்டும் என்றாள் இயற்பியலாளர் நுவார்த். கருவியை வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

"கீழ அடிவாரத்துல, அஷ்தராக்ல என் வீடு இருக்கே, எடுத்துக்கோ" என்றாள் ஷோகாகாத்.

அந்த வீட்டில் அவளுடைய அண்ணி மானேவும் இருந்தாள். ஆய்வுக்கூடத்து லாரி ஓட்டும் ஜாவேன் கருவிப் பெட்டியை இறக்கி வைத்ததுமே அது டிக் டிக்கென்று தொடங்கியது.

"இந்தச் சனியன் வந்ததிலேர்ந்து மாடு பால் கறக்க மாட்டேங்குது!" என்று அடுத்த வாரமே அண்ணி கத்தினாள்.

"மாடு சினையா இருக்கு அண்ணி. பெட்டி மேல ஏன் பழி போடறே?" என்றாள் பார்க்க வந்திருந்த ஷோகாகாத்.

பனி உருகும்வரை பெட்டி அங்கேயே இருந்தது. ஜாவேன் வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவந்தான். போகும்போதெல்லாம் ஷோகாகாத்தையும் ஏற்றிக்கொண்டான்.

வசந்தத்தில் ஒருநாள் நுவார்த் சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அந்தத் துகளுங்க ஆயுசுக்குப் பத்துல ஒண்ணுகூடக் கீழ வந்து சேரக்கூடாது. பாதிக்கு மேல வந்திருக்கு!"

"எப்படிடி?"

"ஒளிக்குப் பக்கத்து வேகத்துல ஓடுதுங்க. அந்த வேகத்துல அதுங்களோட காலம் மெதுவாப் போகுது. நாம பார்க்க, ஆயுசு நீண்டுடுது."

ஷோகாகாத் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நாளெல்லாம் அடுப்புக்கும் கிடங்குக்கும் ஓடற எனக்கு வயசே ஆகக்கூடாதே!"

வாசலில் ரொட்டி மூட்டையோடு நின்ற ஜாவேன், "ஆகலையே" என்றான்.

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். காது மடல் சிவந்தது. நுவார்த் மெல்ல வெளியே நழுவினாள்.

"மூட்டையை இறக்குங்க, தோள் வலிக்கப் போகுது" என்றாள் ஷோகாகாத். கணவன் போனபின் தன்னை ஒருவர் இப்படிப் பார்ப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. அன்று குழம்பில் உப்பு கூடிப்போனது. எல்லாரும் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்கள்.

திராட்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம். அண்ணிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். மாப்பிள்ளை மலையேறிப் பிழைப்பவன் என்ற குறை மட்டும் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. புதுத்தம்பதிக்கு ஆய்வுக்கூடத்திலேயே, கணப்பு நன்றாக எரியும் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஜாவேன் குறட்டை விடுவான் என்பது அங்கே போனபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.