பிரேமினியின் குரலில் ரிங்டோன்

சண்முகவடிவு கணவர் செல்லசாமியைப் புரட்டிப் பிடித்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். இடப்பக்க ஜன்னலில் இருந்த போன் கூப்பிட்டது. "அப்பா, நான் பிரேமினி. போன எடுங்கப்பா." செல்லசாமியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

வாதம் வந்து அவருக்கு இடப்பக்கம் விழுந்து இரண்டு வருடம். கழுவ, ஊட்ட, இரண்டு மணிக்கொருமுறை புரட்ட என்று வடிவு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டாள். படுக்கைப்புண் ஒன்றுகூட வரவிடவில்லை. நோயாளர் பராமரிப்பில் பயிற்சி பெற்ற நான் வாரந்தோறும் போய்ப் பார்ப்பேன். அவள் பேச்சுக்கு அவர் திரும்பியதே இல்லை. கொழும்புத் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரே மகள், பொங்கலுக்கு வந்த இரண்டு நாளில் தன் குரலைப் பதிந்து ரிங்டோனாக வைத்துவிட்டுப் போனாள். அதற்குத் திரும்புகிறார்.

வடிவு போனை எடுத்துக்கொண்டு தலவாக்கலை டவுனுக்குப் போனாள்.

"இந்தச் சத்தத்த எடுத்துட்டு வெறும் மணிய போடுங்க."

"மக கொரல் நல்லாத்தானே இருக்கு அக்கா," என்றார் போன் கடை ஜீவராஜ்.

"அப்ப ஒங்க வீட்டுல கொண்டுபோயி வச்சுக்குங்க."

அடுத்த வாரம் செல்லசாமியின் கழுத்து வலப்பக்கமே இறுகிக் கிடந்தது. போனில் மணி அடித்தது, அவர் அசையவில்லை. மகள் குரல் எங்கே என்று கேட்டேன். வடிவு மறைக்கவில்லை.

"பீ மூத்திரம் அள்ளுறது நானு. திரும்புறது அவளுக்கா?"

"நீ அவர எப்படிக் கூப்புடுவ?"

"ஏங்கன்னுவேன். புருசன் பேர யாரு சொல்லுவா?"

"இந்த லயத்து வரிசை வீடுகள்ல எல்லா பொம்பளையும் ஏங்கதான். செவுத்துக்கு அந்தப் பக்கமும் அதான் கேக்குது. அவர அப்பான்னு கூப்புட ஒருத்திதான் இருக்கா. மக கொரல திரும்ப வை, இடப்பக்கம் திரும்புறதுதான் கழுத்துக்கு மருந்து. மாத்திர நேரத்துக்கு ஒங்கொரல அலாரமா வை. பேரச் சொல்லு."

"பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்பாங்க."

"கழுத்து இறுகுனா கஞ்சி எறங்காது. எது கொறையும்னு நீயே பாரு."

இரண்டு குரலையும் நான் கிளம்புமுன் போனில் வைத்தோம். பெயரைச் சொல்லிப் பதிய அவளுக்கு ஏழு தடவை ஆனது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜன்னலில் அலாரம் அடித்தது. "செல்லசாமி, மாத்திர." அவர் தலை திரும்பியது, போனைப் பார்த்து. வடிவு போனுக்கும் அவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, மாத்திரையை வாயில் போட்டாள்.